வெளுக்கப் போன துணி

சேலத்தில் நான் பிரசவ நர்ஸ் வேலைக்குப் படித்த ஒன்றரை வருஷமும் காலையில் எங்களுக்கு முதல் வேலை கையை நீட்டுவதுதான். எங்கள் மேட்ரன் வரிசையாக நின்றவர்களின் கைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். நகக்கண்ணில் ஒரு கீறல், அரிவாள்மணை பட்ட சிறு வெட்டு, எது இருந்தாலும் அன்றைக்கு அந்தப் பெண் பிரசவ அறைப் பக்கம் போகக் கூடாது. போய் மருந்துக் குப்பிகளைக் கழுவ வேண்டியதுதான். அவரோடு வேலை பார்த்த ஒரு டாக்டர், அறுவையின்போது விரலில் ஊசி குத்திக்கொண்டு, அடுத்த வாரமே இறந்துபோனாராம். ஊசி குத்திய இடத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு கையில் மேலே ஏறியதைத் தன் கண்ணால் பார்த்ததாக மேட்ரன் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் தன் சொந்தக் கையைத் தடவிக்கொண்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கல்யாணமான இரண்டாம் வருஷமே கணவர் காலராவில் போய்விட்டார். அண்ணன் வீட்டில் எத்தனை நாள் இருப்பது என்று நானே யோசித்து இந்தப் படிப்புக்கு வந்தேன். முடித்ததும் ஜில்லா போர்டு என்னை எருமப்பட்டிக்கு அந்தப்புறம் ஒரு கிராமத்துக்கு அனுப்பியது. யுத்தம் தொடங்குவதற்கு மூன்று நான்கு வருஷம் முந்தி. வடக்கே பார்த்தால் கொல்லிமலை. சுற்றிலும் சோளமும் கடலையும் கிணற்றுப் பாசனமும். எனக்கு ஓட்டு வீடு ஒன்று. முன் அறையில் பிரசவ நிலையம், பின் அறையில் நான்.

என்னிடம் ஒரு தோல் பை இருந்தது. கத்திரி, நூல், நகத்தைத் தேய்க்கும் பிரஷ், எனாமல் பேசின், கிருமி கொல்லும் லைசால் புட்டி, கார்பாலிக் சோப்பு. எல்லாவற்றையும் விட நான் பத்திரமாக வைத்திருந்தது ஒரு ஜோடி ரப்பர் கையுறை. ஒவ்வொரு முறையும் கொதிக்க வைத்து, நிழலில் உலர்த்தி, பவுடர் தூவி, துணியில் சுற்றி வைப்பேன்.

முதல் வருஷம் ஊர்ப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தது ஒரே ஒரு காரியத்துக்காக. நான் பிள்ளைத்தாச்சியைத் தொடுவதற்கு முன்னால் கையைக் கழுவினேன். தொட்ட பிறகு கழுவுவதுதானே முறை, தீட்டு அப்போதுதானே ஒட்டுகிறது, இந்த நர்சம்மா தலைகீழாகச் செய்கிறதே என்று கேட்டார்கள். உள்ளே போகிற அழுக்கு ஒன்று, வெளியே வருகிற அழுக்கு ஒன்று, இரண்டுக்கும் கழுவ வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். போகப் போக ஒத்துக்கொண்டார்கள். நான் வரும்போதே செம்பில் வெந்நீர் தயாராக இருக்கும் வீடுகள்கூட வந்துவிட்டன. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

பிரசவத் துணிகளை எடுத்துப்போக ஒரு பெண் வருவாள். ஊருக்குத் துணி வெளுக்கிற குடும்பம் அவர்களுடையது. அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். உயரமானவள், எலும்பு தெரியும் தோள், வேகமான நடை. குழந்தை பிறந்த வீட்டில் ரத்தத் துணிகளையெல்லாம் கொல்லைப்புறத்தில் ஒரு மூலையில் போட்டுவிட்டு, கழியின் நுனியால் அவள் பக்கம் தள்ளிவிடுவார்கள். அவள் கையால் அள்ளிக் கூடையில் போட்டுக்கொள்வாள். ஓடையில் அலசி, கறை போகக் கசக்கி, அதன் பிறகு உவர்மண்ணில் முக்கி வெள்ளாவி வைப்பாள். ஆவியில் வெந்த துணி பளீரென்று திரும்பி வரும்.

அந்த ஊரில் எந்த வீட்டில் எந்த மாதம் பிரசவம் என்று எனக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும். துணியை வைத்தே கணக்குச் சொல்லிவிடுவாள். எந்தப் பெண்ணுக்கு உதிரம் அதிகம் போகிறது என்றும் சொல்வாள். "அந்தத் தோட்டத்து ஊட்டுல ஒருக்காப் போய்ப் பாருங்க சாமி" என்பாள். போய்ப் பார்த்தால் அவள் சொன்னது சரியாக இருக்கும். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்னைச் சாமி என்று கூப்பிடுவது முதலில் கூச்சமாக இருந்தது. அந்தப் பக்கம் குழந்தையையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததும் பழகிவிட்டது.

ஒரு ஐப்பசியில், ஊருக்கு ஒரு மைல் தள்ளி ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து ஆள் வந்தது. அந்த வீட்டு மருமகளுக்குத் தலைப்பிரசவம். இரண்டு நாள் வலி எடுத்த பிறகுதான் என்னைக் கூப்பிட நினைத்திருக்கிறார்கள். அதற்குள் யார் யாரோ கைவைத்துப் பார்த்திருந்தார்கள். நான் போய் இரண்டு மணி நேரத்தில் ஆண் குழந்தை பிறந்தது, குழந்தைக்குக் குறையில்லை. ஆனால் மூன்றாம் நாள் அந்தப் பெண்ணுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. உதிரத்தில் துர்நாற்றம். பிள்ளைபெற்றவர்களைக் கொண்டுபோகும் காய்ச்சல் அது என்று பார்த்ததும் தெரிந்தது.

சேலத்தில் கற்றதில் ஒன்றைக்கூட விடாமல் செய்தேன். காலையும் மாலையும் நடந்து போனேன். கையுறை போடாமல் அவளைத் தொடவில்லை. எடுத்த பஞ்சை எரித்தேன். பேசினில் லைசால் ஊற்றினேன். குழந்தையைத் தொடுவதற்கு முன் புடவையைக்கூட மாற்றிக்கொண்டேன். ரத்தமும் சீழும் பட்ட துணிகளை மட்டும், வழக்கம்போல, கொல்லையில் ஒரு கூடையில் போட்டுவைத்தேன்.

வெளுக்கிறவள் வந்தாள். அவள் வலது ஆள்காட்டி விரலில் ஒரு கந்தல் சுற்றியிருந்தது. விரலில் என்ன என்று கேட்டேன். வெள்ளாவிக்கு விறகு வெட்டும்போது வேலமுள் ஏறியதாகவும், பிடுங்கிவிட்டதாகவும் சொன்னாள். நான் ம் கொட்டினேன். பிறகு, மருமகளுக்குக் காய்ச்சல் குறைந்திருக்கிறதா என்று அவள் கேட்க, நான் அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டு நின்றேன். பேசிக்கொண்டே அவள் துணிகளை அள்ளிக் கூடையைத் தலைக்கு ஏற்றினாள். ஓடைப் பக்கம் போனாள். நான் உள்ளே போய் இன்னொரு முறை கையைக் கழுவிக்கொண்டேன்.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. பத்தாம் நாள் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். அவள் மாமனார், அந்தத் தோட்டத்துப் பெரியவர், அதிகம் பேசாதவர். அன்றைக்கு ஆள் மூலம் எனக்கு ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்புப் பழமும் அனுப்பினார். அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டுத் திரும்பியபோது என் வீட்டுக் கொல்லைப் படலுக்கு வெளியே வெளுக்கிறவளின் புருஷன் நின்றான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. நாலு நாளாக அவள் படுத்திருக்கிறாள் என்றான். அரைத்துக் கட்டிய பச்சிலை கேட்கவில்லை, நேற்றிலிருந்து பிதற்றுகிறாள் என்றான்.

"அவ உங்களைக் கூப்பிட வேண்டாம்னாளுங்க," என்றான். "நீங்க அந்த ஊட்டுல இருந்து அசையக் கூடாதுன்னு சொல்லிட்டா."

அவர்கள் குடிசை ஓடைக்கரையில் இருந்தது. அவள் கோரைப்பாயில் கிடந்தாள். கந்தலை அவிழ்த்தேன். விரல் வாழைப்பூ நிறத்தில், மூன்று விரல் பருமனுக்கு வீங்கி, நுனி கறுத்திருந்தது. புறங்கை மினுமினுத்தது. அங்கிருந்து முழங்கை வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு. கக்கத்தில் எலுமிச்சங்காய் அளவு நெறி கட்டியிருந்தது. சேலத்தில் காதால் மட்டும் கேட்டிருந்த அந்தக் கோட்டை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

நாமக்கல் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். நடக்கவைக்க முடியாது. வண்டி வேண்டும். தோட்டத்து வீட்டுக்கு ஓடினேன். பெரியவர் களத்தில் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. மாட்டுக்கு லாடம் கட்ட வேண்டியிருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாமே என்றார். அவள் வண்டியில் ஏறினால் பிறகு வண்டியைக் கழுவிவிட வேண்டும் என்பதும் அவர் மனதில் ஓடியிருக்கும். அதை அவர் சொல்லவில்லை. நான் படபடப்பில் சத்தமாகவே சொல்லிவிட்டேன், நாளைக்கு அவள் இருக்க மாட்டாள் என்று, இந்த வீட்டுத் துணியிலிருந்துதான் அவளுக்கு இது ஏறியிருக்கிறது என்று.

கதவுக்குப் பின்னாலிருந்து மருமகளின் குரல் வந்தது. மாமனார் எதிரில் அவள் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. எழுந்து பத்தடி நடக்க முடியாத நிலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள்.

"என்ர காச்சலைத்தானுங்க மாமா அவ எடுத்துட்டுப் போயிருக்கறா. வண்டியைப் பூட்டச் சொல்லுங்க."

பெரியவர் தானே தொழுவத்துக்குப் போய் மாடுகளை அவிழ்த்து வந்தார்.

வண்டியில் வைக்கோல் பரப்பி அவளைப் படுக்கவைத்தோம். கையை உயர்த்தி என் மடியில் வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் அவள் துணிகளை எண்ணிக்கொண்டே வந்தாள். எந்த வீட்டுச் சேலை, எத்தனை வேட்டி, எது கொடுத்தாயிற்று, எது வெள்ளாவியில் இருக்கிறது என்று. புருஷன் வண்டிக்குப் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தான்; ஏறிக்கொள்ளச் சொன்னால் ஏறவில்லை.

நாமக்கல் டாக்டர் கையைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். விரலை எடுத்துவிட்டு, முன்கையில் இரண்டு இடத்தில் கீறிச் சீழை வடியவிட்டார். பிழைப்பாளா என்று கேட்டதற்கு, மூன்று நாள் போகட்டும் என்றார். சீழை முறிக்கிற மாத்திரைகள் சீமையில் வந்திருப்பதாக அப்போது பேச்சு அடிபட்டது. எங்கள் பக்கம் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. வெந்நீர் ஒத்தடமும் அவளுடைய உடம்பும்தான் மருந்து.

கை கழுவிக்கொண்டே டாக்டர் என்னிடம் எப்படி நேர்ந்தது என்று கேட்டார். சொன்னேன். துணியை எப்படிக் கொடுத்தீர்கள் என்றார். கூடையில் போட்டுவைத்தேன் என்றேன்.

"உங்களுக்குக் கையுறை இருக்கிறதா?"

"இருக்கிறது."

அவர் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். யாரும் எனக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை என்றிருப்பேன். அது உண்மையும்தான். சேலத்தில் ரத்தத் துணிகளை ஒரு வாளியில் போடுவோம்; வாளியை யாரோ எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த யாரோவின் கையை மேட்ரன் காலையில் திருப்பிப் பார்த்ததில்லை. எங்களில் ஒருத்தியும் அதைக் கேட்டதில்லை.

அவள் பிழைத்தாள். இரண்டாம் வாரம் நான் போய்ப் பார்த்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இடது கையால் சோறு தின்னப் பழகிக்கொண்டிருந்தாள். நான் சொல்லவேண்டியதை வண்டியில் வரும்போதே பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். அன்றைக்கு உன் விரலில் கந்தலைப் பார்த்தேன், பார்த்தும் துணியை எடுக்காதே என்று சொல்லவில்லை என்றேன்.

"நானுந்தான் அந்த விரலைப் பார்த்தேனுங்க சாமி. நீங்க சொல்லியிருந்தா எடுக்காம இருந்திருப்பனா? நான் எடுக்கலைன்னா அதை யாரு எடுக்கறது?"

அதில் கோபம் இல்லை. உண்மையிலேயே யார் எடுப்பார்கள் என்றுதான் கேட்டாள்.

ஊரில் ரத்தத்துக்கு எல்லோரும் பயந்தார்கள். பயந்ததால்தான் கழியால் தள்ளினார்கள், குளித்தார்கள், வாசலில் வேப்பிலை செருகினார்கள். நானும் பயந்தேன், என் பயத்துக்குப் புத்தகம் இருந்தது, அவ்வளவுதான். இரண்டு பயமும் போய் முடிந்தது அவள் கையில். திரும்பி வரும்போது வழியெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வருவதற்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். பிரசவத் துணிகளை நிலையத்துக்கே கொண்டுவரச் செய்து, ஒரு பெரிய அண்டாவில் நானே கொதிக்கவைத்துவிட்டுத்தான் வெளுக்கக் கொடுப்பது என்று. இரண்டு மூன்று வீட்டுத் துணிகளை அப்படிக் கொதிக்கவைத்தேன். அவளுடைய புருஷன் வெளுத்துக் கொடுத்தான். துணி முழுக்க மர நிறத்தில் திட்டுத்திட்டாகக் கறை. எத்தனை அடித்தும் போகவில்லை. நல்ல சேலையைக் கெடுத்துவிட்டதாக வீட்டுக்காரர்கள் என் வாசலில் வந்து முறையிட்டார்கள்.

அவள் ஊருக்குத் திரும்பியதும் அந்தத் துணிகளைப் பார்க்க வந்தாள். விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். காய்ச்சல் கண்ட பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"ரத்தத்தைக் காச்சினா அது துணிக்குள்ளயே உக்காந்துக்குமுங்க. மொதல்ல பச்சைத் தண்ணிதான்."

அப்புறம் இருவரும் கொல்லையில் உட்கார்ந்து அதைப் பேசினோம். பச்சைத் தண்ணீரில் அலசுவதுதான் ஆபத்து, அங்கேதான் கை படுகிறது என்றேன் நான். கை எதற்கு என்றாள் அவள். ஒரு பெரிய மண் மொடாவில் உப்புத் தண்ணீர் விட்டு, துணியை அதில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் பாதி ரத்தம் தானே இறங்கிவிடும்; கவைக் குச்சியால் கிளறித் தூக்கி இன்னொரு மொடாவில் போட்டால் மீதியும் இறங்கும். காலால் மிதிக்கலாமே என்று அவள் முதலில் சொன்னாள். நான் அவள் குதிகாலைக் காட்டினேன். பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதுவும் சரிதான் என்று குச்சிக்கே வந்தாள். இறங்கின தண்ணீரை ஓடையில் கொட்டாமல் குழி வெட்டி ஊற்றிச் சுண்ணாம்பு போடுவது என் பங்கு. அதன் பிறகு கொதிக்கவைத்தால் கறையும் உட்காராது, கையும் தப்பும்.

அவளுக்கு என் கையுறையைக் கொடுத்துப் பார்த்தேன். நாலு விரல் கையில் ஐந்தாவது உறை தொளதொளவென்று தொங்கியது. அதோடு துணியின் முடிச்சே விரலுக்குத் தெரியவில்லை என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள். குச்சிதான் சௌகரியம் என்றாள்.

முறை கிடைத்தது. அதைச் செய்வது யார் என்பதுதான் தகராறாகிவிட்டது. மொடாவில் ஊறப்போட வேண்டியது பிரசவம் நடந்த வீடு. பெற்ற தாய்கூட மகளின் துணியைத் தொடமாட்டேன் என்றாள். கையால் தொட வேண்டாம், குச்சியால் எடுத்துப் போடுங்கள் என்று நான் வீடு வீடாகச் சொன்னேன். சில பேர் தலையாட்டிவிட்டு, பழையபடி கொல்லை மூலையில் போட்டார்கள். அந்த வீடுகளில் நானே குச்சியும் மொடாவுமாக நின்றேன். முதலில் தானாகச் செய்தது அந்தத் தோட்டத்து வீடுதான். மருமகளுடைய அடுத்த பிரசவத்தில், கொல்லையில் உப்புத் தண்ணீர் மொடா எனக்கு முன்னே தயாராக இருந்தது. பெரியவரே குழி வெட்டச் சொல்லியிருந்தார்.

ஒருநாள் ஒரு பெரிய வீட்டுக் கொல்லையில் நான் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். வெளுக்கிறவள் வந்தாள். துணி உலர்ந்து விறைத்து மூலையில் கிடந்தது. வீட்டம்மாள் கழியால் அவள் பக்கம் தள்ளினார். அவள் குனியவில்லை. கூடையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஊற வெச்சுக் குடுங்க அம்மிணி. நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்."

வீட்டம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் சொல்லிக்கொடுத்த பேச்சு இது என்பதுபோல. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருந்தேன். அவள் வெறுங்கூடையோடு போய்விட்டாள். வீட்டம்மாள் வெகுநேரம் முணுமுணுத்தார். மாலை நான் திரும்பிப் போனபோது துணி மொடாவில் ஊறிக்கொண்டிருந்தது; யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.

எல்லா வீடும் மாறவில்லை. பாதி வீடு என்று சொன்னாலே அதிகம். தணிக்கைக்கு வந்த லேடி டாக்டர் என் ரிஜிஸ்தரைப் புரட்டினார். பிறப்புக்கும் இறப்புக்கும் காய்ச்சலுக்கும் அதில் கட்டம் இருந்தது. துணி வெளுக்கிறவர்களுக்குக் கட்டம் இல்லை. வெளுக்கிறவளின் விரல் போனது பற்றி நான் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்திருந்ததைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, நல்லது என்று சொல்லி அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

யுத்தம் தொடங்கி இரண்டு வருஷத்தில் என்னைப் பள்ளிபாளையத்துக்கு மாற்றினார்கள். சோப்புக்கே தட்டுப்பாடான காலம். என் கையுறை விரல் நுனியில் கிழிந்து, மாற்றுக்கு வேறு கிடைக்கவில்லை. புறப்படுகிற அன்று அவள் என் பெட்டியைத் தலையில் வைத்துச் சாலை வரை வந்தாள். நான் தடுத்தும் கேட்கவில்லை. பஸ் வரும்வரை இரண்டு பேரும் புளியமரத்து நிழலில் நின்றோம். எந்த வீட்டில் எந்த மாதம் என்று எனக்குப் பின்னால் வருகிற நர்சுக்குச் சொல்லச் சொன்னேன். சொல்கிறேன் என்றாள். அந்த அம்மா கேட்கிறவராக இருந்தால் சொல்கிறேன் என்று திருத்திக்கொண்டாள்.

பள்ளிபாளையத்தில் காவிரிக்குப் போகிற தெருவில் நிலையம். சாவியைக் கொடுத்த குமாஸ்தா மருந்து அலமாரியைக் காட்டினார், கிணற்றைக் காட்டினார், வேறு ஏதாவது தெரியவேண்டுமா என்று கேட்டார். இங்கே பிரசவத் துணி வெளுப்பது யார், அவர்கள் வீடு எங்கே என்று கேட்டேன். துணி போடவேண்டுமானால் ஆளை வரச்சொல்கிறேன் என்றார் அவர்.

வேண்டாம், நானே போய்ப் பார்க்கிறேன் என்று வழி கேட்டுக்கொண்டு நடந்தேன்.